நன்னாரியா, மாகாளியா? வாசனை ஒன்று, வேர் வேறு

மாகாளிக் கிழங்கு ஊறுகாய், நன்னாரி சர்பத் இரண்டிலும் மூக்கைத் துளைப்பது ஒரே மூலக்கூறு: 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு. வேரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். வெனிலாவின் வெனிலினிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அமர்ந்திருக்கும் இடம்தான் வேறு.

அந்த இடம் சர்பத் போடும்போது தெரியும். நன்னாரி மூலக்கூறில் ஹைட்ராக்ஸில் தொகுதி (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) ஆல்டிஹைடு தொகுதிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டும் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. தண்ணீரைப் பற்றாமல் நீராவியோடு கிளம்பிவிடும். வெனிலின் அப்படி எளிதில் போகாது. ஆகவே நன்னாரியைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் தெருவெல்லாம் மணக்கும், சர்பத்தில் மணமிருக்காது. 50 கிராம் வேரை இடித்து, நடு நரம்பை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றி உடனே மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். சர்க்கரைப் பாகைத் தனியே காய்ச்சி, ஆறியபின் வடிநீரைச் சேருங்கள்.

சதைக்கு மாகாளிதான். விரல் பருமனுக்கு மேல் தடித்த கிழங்கு. தோலைச் சீவி, நடுத்தண்டை நீக்கி நறுக்கலாம். நன்னாரி வேரோ பென்சில் பருமன்கூட இராது, ஊறுகாய்க்கு ஆகாது. மாகாளியை இரும்புக் கத்தியால் நறுக்காதீர்கள்: இந்த மூலக்கூறு இரும்போடு சேர்ந்து நிறம் மாறும். நறுக்கிய துண்டுகளை உடனே மோரில் போட்டால் காற்றுப் பட்டுக் கருப்பதும் குறையும்.

மருந்தென்றால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கொள்வதை நாங்கள் ஏற்பதில்லை. வாசனை ஒன்றென்பதால் மருந்தும் ஒன்றாகிவிடாது: நன்னாரியில் பிரித்தெடுத்த ஹெமிடெஸ்மின்கள் என்ற சேர்மங்கள் ஆவியாகாதவை, மூக்குக்கு எட்டாதவை. சந்தையில் மாகாளி வேரையே நன்னாரி என்று விற்பதும் உண்டு. முகர்ந்து பார்த்துப் பயனில்லை. தடித்து, உள்ளே வெளுத்த சதையோடு இருந்தால் அது நன்னாரி அல்ல.

மாகாளி பாறைச் சரிவில் மெல்ல வளரும் கொடி. கிழங்கைத் தோண்டினால் கொடியே போய்விடுகிறது, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். பட்டியலில் அழியும் ஆபத்தில் இருக்கிறது. சர்பத்துக்காக அதைத் தோண்டுவது வீண். நன்னாரி வரப்போரத்திலும் வரும். வேர்த்துண்டை ஊன்றி வளர்க்கலாம், அறுக்கும்போது கொஞ்சம் வேரை மண்ணில் விட்டால் மறுபடி துளிர்க்கும்.

அகத்தியமலையில் காணி பழங்குடியினர் அறிந்த அமிர்தபாலா என்ற செடி மாகாளிக்கு நெருங்கிய இனம், அதைவிட அரிது. அதன் வேரிலும் இதே வாசனைப் பொருள்தான். வாசனைக்காக அதைத் தொடவே வேண்டாம்.