ரிச்சி தெருவில் மொத்தக் கொள்முதல்: கும்பகோணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கும்பகோணத்தில் எங்கள் வீட்டின் முன்னறையைக் கிடங்காக வைத்துக்கொண்டு கணினி உதிரி பாகங்களை இணையத்தில் விற்று வருகிறேன். எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சில்லுச் சேமிப்பகம்), ராம் (நினைவகம்), எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), லேப்டாப் சார்ஜர், கீபோர்டு ஆகியவைதாம் பெரும்பாலும் போகும். புராசசரும் மதர்போர்டும் ஆர்டர் வந்தால் மட்டும் வரவழைத்துக் கொடுப்பேன். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொழிலைத் தொடங்கியதிலிருந்து சரக்கின் பெரும்பகுதியைச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில்தான் எடுக்கிறேன். இடையில் ஓராண்டு, திருச்சியில் கிளை வைத்திருக்கும் அகில இந்திய விநியோக நிறுவனம் ஒன்றிடமும், சில மாதங்கள் இணையவழி மொத்த விற்பனைத் தளம் ஒன்றிலும் வாங்கிப் பார்த்தேன். டெல்டா மாவட்டங்களில் இதே தொழிலைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எங்கே விலை குறைவு என்பதைத்தான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நானும் தொடங்கினேன்; முதல் ஆறு மாதத்தில் நான் இழந்த பணம் முழுவதும் அந்தக் கேள்வியால் இழந்ததே. பழுதாகித் திரும்பி வரும் பொருளை யார், எத்தனை நாளில், எந்தத் தாளைக் காட்டினால் வாங்கிக்கொள்வார் என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ரிச்சி தெரு என்று சொன்னாலும் அது ஒரே தெரு அன்று. அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பிரியும் அந்த இடத்தில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றிலும் சந்துகளிலும் கடைகள் பரவியிருக்கின்றன. நான் முதல் முறை உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கிவிட்டு, கடைகள் திறக்கும் வரை காத்திருந்தேன். காலை பத்து மணிக்கு முன்னால் அங்கே போவதில் பயனில்லை, ஞாயிற்றுக்கிழமை போவதில் அறவே பயனில்லை. தெருவை ஒட்டிய கடைகளில் சில்லறை வியாபாரமே மிகுதி. மொத்த வியாபாரிகளில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் மாடிகளில், பெயர்ப்பலகை கூடச் சரியாகத் தெரியாத அறைகளில் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லி, டீலர் விலை என்ன என்று கேட்டால் கணக்கு வேறாகிவிடும். பத்துப் பதினைந்து துண்டுகள் எடுக்கும் சிறு வியாபாரியையும் மதித்துப் பேசுகிற கடைகள் அங்கே உண்டு என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

என் சரக்குக்கு ரிச்சி தெரு தவிர்க்க முடியாததாக இருப்பதற்கு இன்னொரு காரணம், என் வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் கணினிகள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் பாபநாசம், திருவிடைமருதூர், வலங்கைமான் பக்கத்து வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்காள் படித்து முடித்ததைத் தம்பி வைத்திருக்கிறான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு சாட்டா இணைப்பு கொண்ட 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ராமைக் கூட்டிக் கொடுத்தால் அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அவற்றுக்கு வேண்டிய டிடிஆர்3 என்னும் பழைய தலைமுறை ராம், பழைய மாடல் சார்ஜர், கீபோர்டு ஆகியவற்றைப் பெரிய விநியோகஸ்தர்களிடம் கேட்டால் பட்டியலிலேயே இல்லை என்பார்கள். ரிச்சி தெருவில் கேட்டால் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வார்கள். இதில் ஓர் எச்சரிக்கை: டிடிஆர்3 ராம் 1.5 வோல்ட்டில் இயங்குவது, டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டிலும் இயங்குவது. சில லேப்டாப்கள் இரண்டாவதை மட்டுமே ஏற்கும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் அவரிடம் ராம் வாங்காதீர்கள்.

என் முதல் தவறு எஸ்எம்பிஎஸ்ஸில் நடந்தது. தெருவோரக் கடை ஒன்றில், 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட எஸ்எம்பிஎஸ் இருபது வாங்கினேன். மற்ற இடங்களைவிடத் துண்டுக்கு நூறு ரூபாய்க்கும் மேல் விலை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது புதிதன்று. அந்த மழைக்காலத்தில் இருபதில் ஏழு திரும்பி வந்தன. ஒன்று, மன்னார்குடியில் ஒரு மாணவரின் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. அதற்கு நான் என் கையிலிருந்து பணம் கொடுத்தேன். கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, “கம்பெனி வாரண்டிதான் மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்கள். பெட்டியில் ஓராண்டு வாரண்டி என்று அச்சிட்டிருந்ததே தவிர, சேவை மையத்தின் முகவரி எங்கும் இல்லை. பில்லில் “எஸ்எம்பிஎஸ் 20” என்ற ஒரு வரியைத் தவிர வேறு விவரமும் இல்லை.

அதன் பிறகுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இன்றைய கணினியில் புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. ஆகவே அந்த வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்கினால் உண்மையான திறன் தெரியும். நான் வாங்கியதில் 16 ஆம்பியர் என்று இருந்தது; அதாவது 192 வாட். பெட்டியின் மேல் இருந்த 450 என்பது வெறும் எழுத்து. 80 பிளஸ் என்ற முத்திரையையும் தரச் சான்றாகக் கொள்ள வேண்டாம். வாங்கிய மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதைத்தான் அது சொல்லும், கருவி எத்தனை காலம் உழைக்கும் என்பதைச் சொல்லாது.

இப்போது நான் வாடிக்கையாக வாங்கும் கடை ஒரு மாடியில், இரண்டு அறைகளில் இருக்கிறது. விலை தெருவிலேயே குறைந்தது அன்று. நூறு ரூபாய்க்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு எஸ்எஸ்டியின் சீரியல் நம்பரையும் ஸ்கேனரில் படித்துப் பில்லில் ஏற்றித் தருகிறார்கள். பழுதான பொருளைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பினால் கேள்வியின்றி மாற்றுப் பொருள் வந்துவிடும். அதற்கு மேல் ஆனால் அவர்களே சேவை மையத்தில் சேர்த்து, ரசீதின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2024இல் ஒரே பெட்டியில் வந்த எஸ்எஸ்டிகளில் நான்கு அடுத்தடுத்துச் செயலிழந்தன. நான் கேட்பதற்கு முன்னரே, “அக்கா, அந்தப் பெட்டியில் மிச்சம் இருக்கறதை விக்காதீங்க, அப்படியே திருப்பி அனுப்பிடுங்க, வேற அனுப்பறோம்” என்று கடையின் பொறுப்பாளர் அழைத்துச் சொன்னார். வேறு வியாபாரிகளிடமிருந்தும் புகார் வந்திருக்கிறது. அன்று அவர் தொலைபேசியை எடுத்திருக்காவிட்டால் மேலும் பதினோரு வாடிக்கையாளர்களின் கோப்புகள் அழிந்திருக்கும். அந்த இரண்டு மூன்று ரூபாய் எதற்கு என்று என்னை யாரும் கேட்க வேண்டியதில்லை.

பில்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு வியாபாரிகள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கணினி உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கில் 18,000 ரூபாய், நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கழிவாக எனக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் விற்றவர் தம் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கையில் அந்தப் பில்லைக் காட்டினால்தான், மாதத்தின் 14ஆம் நாள் உருவாகும், எனக்குரிய வரிக் கழிவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அது ஏறும். காலாண்டுக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்யும் கடையிடம் வாங்கினால், அவர் இடைப்பட்ட மாதங்களில் பில்களைத் தனியாகப் பதிவேற்றாவிட்டால், என் பணம் மூன்று மாதம் முடங்கிக் கிடக்கும். கணினி உதிரி பாகத்தில் லாபமே எஸ்எஸ்டிக்கு நான்கு, ஐந்து சதவீதம்தான் நிற்கிறது. புராசசரில் அதுகூட இல்லை. இந்த நிலையில் 18 சதவீதம் முடங்குவது என்பது அடுத்த லோடுக்குப் பணமில்லை என்று பொருள். “பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தர்றோம்” என்று சொல்லும் கடைகளும் உண்டு. பில் இல்லாத பொருளை இணைய விற்பனைத் தளத்தில் கணக்கோடு விற்க வழியில்லை, வாரண்டியும் கேட்க முடியாது. நான் சொல்லும் மாடிக் கடை மாதந்தோறும் தவறாமல் தாக்கல் செய்கிறது. மூன்று ஆண்டில் ஒரே ஒரு பில்தான் விடுபட்டது, அதையும் மறுமாதமே சேர்த்துவிட்டார்கள்.

சரக்கு வந்து சேர்வதில் குறை சொல்ல அதிகம் இல்லை. மாலைக்குள் பணம் அனுப்பினால் அன்றிரவே பார்சல் சர்வீஸ் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் மதியத்துக்குள் கும்பகோணம் புக்கிங் ஆபீசில் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்னும் இணையவழிப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டைப் பெட்டியின் மேல் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். மதர்போர்டுகள் ஈரத்தோடு வந்த ஒரு முறை எனக்கு உண்டு.

திருச்சிக் கிளையைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெட்டி பிரிக்காத சரக்கு, நிறுவனத்தின் நேரடி வாரண்டி, மாதந்தோறும் சரியான கணக்கு. இன்டெல் புராசசரைப் பெட்டியோடு வாங்கினால் அந்த நிறுவனமே மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகிறது; ரிச்சி தெருவில் நிறுவனப் பெட்டியில்லாமல் விலை குறைவாகக் கிடைக்கும் டிரே புராசசருக்கு விற்ற கடையே பொறுப்பு. ஆகவே புராசசருக்கு இன்றும் விநியோகஸ்தர் வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் என் மாதக் கொள்முதல் அவர்கள் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. சிறிய ஆர்டர்கள் நாட்கணக்கில் கிடப்பில் போடப்பட்டன. கடன் வசதி கேட்டபோது வங்கி உத்தரவாதம் கேட்டார்கள். பெரிய கடைகளுக்கு ஏற்ற அமைப்பு அது.

இணையவழி மொத்த விற்பனைத் தளம் எனக்கு ஒத்துவரவில்லை. படத்தில் ஒரு பெயர், வந்ததில் வேறு பெயர்; விற்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே கடைசி வரை தெளிவாகவில்லை. அங்கே வாங்கிய பத்து ஹார்டு டிஸ்க்குகளில் மூன்று, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது ஏற்கெனவே பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை என்று காட்டின. அந்த எண்ணிக்கையையே அழித்துவிட்டு விற்பதும் நடக்கிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பயன்படுத்திய சீகேட் நிறுவன ஹார்டு டிஸ்க் வட்டுகளை இடைத்தரகர்கள் அவ்வாறு மாற்றிப் புதியவை போல விற்ற செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. சீகேட் வட்டுகளில் ஃபார்ம் என்னும் உட்பதிவு தனியாக இருக்கிறது. அதிலுள்ள மணிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இப்போது எந்தக் கடையிலிருந்து வந்தாலும் ஒவ்வொரு வட்டையும் இவ்வாறு பார்த்த பிறகே விற்பனைக்கு வைக்கிறேன். பென் டிரைவ்களை எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் மென்பொருளைக் கொண்டு முழுக் கொள்ளளவும் இருக்கிறதா என்று சோதிக்கிறேன்.

2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் இந்த உறவுகளை எல்லாம் சோதித்துப் பார்த்தன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் திரும்பிவிட, ராம் விலை சில மாதங்களில் இருமடங்கைத் தாண்டியது. டிசம்பரில் நினைவகச் சில்லு தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் குருசியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்பதையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. நான் விற்கும் இணையத் தளத்தில் பழைய விலையில் பதினான்கு ராம் ஆர்டர்கள் வந்து நின்றன. ரத்து செய்தால் விற்பனையாளர் மதிப்பெண் விழும். அனுப்பினால் கையிலிருந்து போகும். வேறு இரு கடைகள் முன்பணம் வாங்கிய சரக்குக்கே கூடுதல் விலை கேட்டன. மாடிக் கடையில் பேசியபோது, முன்பணம் கொடுத்திருந்த எட்டுத் துண்டுகளைச் சொன்ன விலைக்கே அனுப்பினார்கள். மீதி ஆறுக்குப் புது விலை. அவர்களுக்கும் அதில் இழப்பு இருந்திருக்கும். மீதி ஆறு வாடிக்கையாளர்களிடம் நிலைமையை விளக்கினேன். நால்வர் வேறுபாட்டைக் கொடுத்தார்கள், இருவர் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

குறை ஒன்று சொல்லியாக வேண்டும். லேப்டாப் பேட்டரியும் சார்ஜரும் வாங்குவதற்கு அந்த மாடிக் கடையையும் நான் முழுமையாக நம்புவதில்லை. ஒரிஜினல் (கணினி நிறுவனமே தருவது), ஓஇஎம் (அந்த நிறுவனத்துக்குத் தயாரித்துக் கொடுப்பவருடையது), காம்பேட்டபிள் (பொருந்தும்படி வேறொருவர் செய்தது) என்ற மூன்று சொற்களையும் ரிச்சி தெருவில் அவரவர் விருப்பப்படி பயன்படுத்துகிறார்கள். சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் முத்திரையும், “ஆர்” எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணைப் பிஐஎஸ் செயலியில் இட்டுப் பார்ப்பேன். அதில் காட்டும் தயாரிப்பாளர் பெயர் பொருந்தாவிட்டால் திருப்பிவிடுவேன். சென்ற மாதம் வந்த முப்பது சார்ஜர்களில் பன்னிரண்டு பொருந்தவில்லை. அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, திருப்பி அனுப்பும் லாரி வாடகையையும் அவர்களே ஏற்றார்கள். பேட்டரியின் தரத்தை நம்பிச் சொல்ல இன்னும் எனக்கு ஒரு வழி பிடிபடவில்லை. அதனால் தை மாதத்திலிருந்து பேட்டரி விற்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.