சுவரில் ஒரு பாரோமீட்டர், போனில் ஒரு பாரோமீட்டர்: பெங்களூருக்கு எது சரிப்படும்?

சிக்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு பழைய பித்தளை பாரோமீட்டர் வாங்கி வந்து, அல்சூர் வீட்டு ஹாலில் மாட்டினேன். முகப்பில் ஐந்து வார்த்தைகள்: ஸ்டார்மி, ரெயின், சேஞ்ச், ஃபேர், வெரி டிரை. முள் ஸ்டார்மியையும் தாண்டி இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே சுள்ளென்று வெயில். "என்னடா இது, எந்நேரமும் புயல்னு காட்டுது?" என்றார் அம்மா.

கருவியில் கோளாறு இல்லை. அழுத்தம் குறைந்தால் மழை, புயல்; கூடினால் வெயில் என்பதுதான் அதன் கணக்கு. அந்த முகப்பு கடலோர ஊர்களுக்காக எழுதியது. கடல்மட்டத்தில் சராசரி காற்றழுத்தம் 1013 மில்லிபார். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 910 சொச்சம்தான். 1999 ஒடிசா சூப்பர் புயலின் மையத்தில் இருந்த அழுத்தம் 912. அங்கே ஊரையே புரட்டிப்போட்ட எண், நம் ஊரில் அன்றாட எண்.

இதைச் சரிசெய்யப் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். கெம்பேகவுடா விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பில், கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம் வரும். அதைப் பார்த்து ஸ்க்ரூடிரைவரால் முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். எல்லா மாடலிலும் திருகு அவ்வளவு தூரம் இடம் கொடுக்காது. பெங்களூரில் வாங்குபவர்கள் கடையிலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

இந்த வகைக் கருவியை 1844இல் கொண்டுவந்தவர் பிரான்ஸைச் சேர்ந்த லூசியன் வீடி. உள்ளே காற்று உறிஞ்சப்பட்ட மெல்லிய உலோக டப்பி ஒன்று இருக்கிறது. வெளிக்காற்று அழுத்தினால் அது ஒடுங்கும், அழுத்தம் குறைந்தால் உப்பும். அந்த மயிரிழை அசைவை நெம்புகோல்கள் பெரிதாக்கி முள்ளுக்குக் கொடுக்கின்றன. விரல் கணுவால் கண்ணாடியை லேசாகத் தட்டினால், சிக்கியிருந்த முள் ஒரு துடிப்புத் துடித்து நகரும். எந்தப் பக்கம் துடிக்கிறதோ அதுதான் சேதி. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது அந்தத் துடிப்பு.

பாதரசக் கருவி இன்னொன்று. 1640களில் இத்தாலியர் டோரிசெல்லி கண்டது, துல்லியமானது. ஆனால் குழாய் உடைந்தால் வீட்டில் பாதரசம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

போனுக்கு வருவோம். எல்லா போனிலும் அழுத்த சென்சார் கிடையாது. இருந்தால் வியக்கவைக்கும் அளவுக்கு நுட்பமானது. ஒரு மாடி ஏறினாலே 0.3 மில்லிபார் குறைவதைக் காட்டிவிடும். அதன் பலவீனமும் அதுவேதான். ஊருக்குப் பஸ்ஸில் போகும்போது, ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்குவதற்குள் அழுத்தம் ஏறக்குறைய 40 கூடிவிடும். நாம் நகர்ந்ததா, வானம் மாறியதா என்று சென்சாருக்குத் தெரியாது. சுவரில் மாட்டியது இருந்த இடத்திலேயே இருப்பதால் இந்தக் குழப்பம் அதற்கு இல்லை. ஒரு நாள் முழுக்க வரைபடமாகப் பார்க்க வேண்டுமென்றால், போனை ஒரே இடத்தில் வைத்துவிட வேண்டும்.

அப்படி வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. நம் பக்கத்தில் காற்றழுத்தத்துக்குத் தினசரி ஏற்றவற்றம் உண்டு. காலை 10, இரவு 10 மணியை ஒட்டி உச்சம். மாலை 4, விடியற்காலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. வித்தியாசம் மூன்று, நான்கு மில்லிபார். இது தெரியாதவர்கள் மத்தியானம் முள் இறங்குவதைப் பார்த்து மழை என்று நினைத்துவிடுவார்கள். ஏப்ரல், மே மாத மாலை இடிமழையை இரண்டு கருவியும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புழுதிக்காற்றோடு மழையின் குளிர்காற்று வந்து அறையும்போது போனின் கோடு சட்டென்று மேலே குதிக்கும். அப்போது கொடியில் இருக்கும் துணி ஏற்கெனவே நனைய ஆரம்பித்திருக்கும். அந்த மழைக்குத் தும்பி தாழப் பறப்பதைப் பார்க்கும் அம்மாவின் கண்ணே எனக்குப் போதும்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் கதை வேறு. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகித் தமிழகக் கரையை நெருங்கும்போது, நேற்று இதே மணிக்கு இருந்ததைவிட இன்று இரண்டு, மூன்று குறைவு என்றால் கவனிக்க வேண்டும். அப்போது இந்தக் கருவிக்கு ஈடு கிடையாது.

டிவியில் வேறொரு பாரோமீட்டர் பற்றியும் பேசுகிறார்கள். பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸைப் பொருளாதாரத்தின் பாரோமீட்டர் என்பார்கள். 30 கம்பெனிகளின் பங்கு விலையை வைத்துப் போடும் கணக்கு அது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்தது. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக அரசின் முதல் மதிப்பீடு சொன்னது. ஆனால் டிசம்பர் முடிவதற்குள் சென்செக்ஸ் 47,000ஐத் தாண்டிவிட்டது. அதே மாதங்களில் எங்கள் தெருவில் கேட்டுக்கு கேட் டு-லெட் போர்டு. சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதிகளில் தங்கியிருந்த பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே தீயில் வெந்தால்தான் சரி. சென்செக்ஸும் கடலோரத்து முகப்புதான். எங்கள் தெரு இருக்கும் உயரத்துக்கு அதைத் திருத்தித் தர ஒரு திருகும் இல்லை. தெரு நிலவரத்துக்கு நான் போர்டைத்தான் நம்புவேன்.

போனில் சென்சார் இருந்தால் பெங்களூர்க்காரர்கள் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. இல்லையென்றால், அல்லது வீட்டில் யாராவது தினமும் கவனிக்க ஆசைப்பட்டால், சுவரில் மாட்டுவதையே சொல்வேன். எங்கள் வீட்டில் ஐப்பசி பிறந்ததிலிருந்து காலை 10 மணிக்கு அம்மா கண்ணாடியைத் தட்டி, முள் காட்டும் எண்ணைத் தினசரி காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறார். தாளைக் கிழித்தாலும் தூக்கிப் போடுவதில்லை. மறுநாள் பார்க்க வேண்டுமே.