பெட்பிளாக்கர்: சட்டத்துக்கு எட்டாததைத் தடுக்கும் செயலி

சூதாட்டத் தளம் ஒன்றை முடக்கினால், முகவரியில் ஒரு எண்ணை மாற்றிக்கொண்டு அதே தளம் மறுபடி முளைக்கிறது. உரிமம் ஒரு நாட்டில், சர்வர் இன்னொரு நாட்டில், பணம் போய்ச் சேர்வதோ யாரோ வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்கில். வழக்கை யார் மேல் போடுவது? அதனால்தான் போனிலேயே தடுக்கும் பெட்பிளாக்கர் அவசியமாகிறது.

இலவசம். 24 மணி நேரம் முதல் 5 ஆண்டு வரை தடை போடலாம். கெடு முடியும்வரை எளிதில் விலக்கிக்கொள்ள முடியாது. கை பரபரக்கும் நள்ளிரவில் காப்பாற்றுவது இந்தப் பிடிவாதம்தான். முதலில் 24 மணி நேரம் வைத்து, மற்ற செயலிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு நீட்டுங்கள்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு இதைப் பின்னணியில் நிறுத்திவிடக்கூடும். பேட்டரி சேமிப்பிலிருந்து இதற்கு விலக்கு கொடுங்கள்.

பலவீனம்: தெரிந்த சூதாட்டத் தளங்களின் பட்டியலை வைத்துத் தடுப்பதால், இன்று முளைத்த நகல் தளம் தப்பிவிடும். மெசேஜ் குழுக்களில் வரும் ஏபிகே கோப்புகள் (ஆப் ஸ்டோர் இல்லாமல் நேரடியாகச் செயலியை நிறுவும் கோப்புகள்) இன்னும் ஆபத்து. பிரவுசருக்கும் மெசேஜ் செயலிகளுக்கும் ‘தெரியாத செயலிகளை நிறுவு’ அனுமதியை அணைத்துவிடுங்கள். கார்டில் 7995 என்ற குறியீட்டை (சூதாட்ட நிறுவனங்களுக்குப் போகும் கார்டு பணத்தை அடையாளம் காட்டும் எண்) தடுக்க முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். தனிநபர் கணக்குக்குப் போகும் பணம் மட்டும் அதில் சிக்காது.