அம்மாவுக்குத் தீபாவளி கிரைண்டர்: டேபிள் டாப்பா, டில்டிங்கா?

இந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு ஆளுக்கொரு புடவை எடுப்பதை விட்டுவிட்டு, அண்ணனும் தங்கையும் நானும் பணம் சேர்த்து நல்ல கிரைண்டராக ஒன்று வாங்கிக் கொடுத்தோம். விருதுநகர் வீட்டில் இருந்தது, 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த டேபிள் டாப். உழைத்து ஓய்ந்துவிட்டது. புதிதாக எடுப்பது மறுபடி மேடையில் வைக்கும் டேபிள் டாப்பா, இல்லை டிரம்மைச் சாய்த்து மாவை ஊற்றும் டில்டிங்கா என்பதில்தான் வீட்டில் பேச்சு ஓடியது. கடைசியில் டில்டிங் எடுத்தோம்.

மாவின் பதத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டும் கல்லில்தான் அரைக்கின்றன. உளுந்து நன்றாகப் பொங்கி வரும், மிக்ஸி மாதிரி மாவு சூடேறாது. கரண்ட் பற்றியும் கவலை வேண்டாம். வீட்டுக்கான இரண்டு லிட்டர் மாடல்கள் பலவற்றில் இருப்பது 150 வாட் மோட்டார்தான். ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட் ஆகாது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது, அரைத்து முடித்த பிறகு நடக்கும் வேலை. டேபிள் டாப்பில் முதலில் உருளைக் கற்களைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். வழுக்கும் மாவோடு தூக்க வேண்டும். பிறகு மாவைக் கையால் வழித்தெடுக்க வேண்டும், அல்லது டிரம்மையே கழற்றிப் பாத்திரத்தில் கவிழ்க்க வேண்டும். டிரம்முக்கு அடியிலும் கருங்கல்தான், கனம் கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் அதைத் தொட்டி வரைக்கும் சுமந்துபோய்க் கழுவ வேண்டும். அரிசிக்கும் உளுந்துக்கும் நடுவே பாதி வேலை இன்னொரு முறை. முப்பது வயதில் இது ஒரு பொருட்டே இல்லை. தோள்பட்டை வலியும் முழங்கால் வலியும் உள்ள அம்மாவுக்கு இதுதான் பெரிய பாரம்.

டில்டிங்கில் பூட்டை விடுவித்து டிரம்மைச் சாய்த்தால் மாவு நேராகப் பாத்திரத்தில் இறங்குகிறது. ஒட்டியதை மட்டும் வழித்தால் போதும். கழுவும்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சற்று ஓடவிட்டுச் சாய்த்துவிடுகிறார் அம்மா. வாரத்துக்கு ஒருமுறை கற்களைக் கழற்றி நன்றாகத் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். அதை அப்பா செய்கிறார். கழுவச் சிரமமான கிரைண்டர் மெல்ல மெல்லப் பரணுக்குப் போய்விடும், வீட்டில் பாக்கெட் மாவு வந்துவிடும். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். பரிசாகக் கொடுத்த பொருள் பயன்படாமல் கிடந்தால், எவ்வளவு தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும் அந்தப் பணம் வீண்தானே?

டேபிள் டாப்பிலும் நல்லது உண்டு. விலை குறைவு, மேடையில் இடம் அதிகம் அடைக்காது, வாடகை வீடு மாறும்போது தூக்கிப்போவது எளிது. சென்னையில் இருவர் மட்டும் இருக்கும் தங்கை வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். டில்டிங் வருடக்கணக்கில் எப்படி உழைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்தது பெரியம்மா வீட்டு அனுபவம் மட்டுமே. அங்கே இதுவரை பெல்ட் மாற்றியதோடு சரி. சாய்க்கும் கீல் நாளாக ஆக ஆட்டம் காணுமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்து, எங்கே வாங்குவது? ஆன்லைனில் அதே மாடல் கொஞ்சம் மலிவாகத்தான் இருந்தது. ஆனால் அடித்துப் போட்டிருக்கும் பழைய விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தள்ளுபடி தொடங்குவதற்கு முன்பே மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு விலையைப் பார்த்துவையுங்கள். வட்டியில்லாத் தவணை என்பதிலும் செயலாக்கக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் ஒளிந்திருக்கலாம். நாங்கள் ஊர்க்கடையில் வாங்கினோம். கடைக்காரர் கண்முன்னே ஓட்டிக் காட்டினார், பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார், வாரண்டி அட்டையில் தேதியோடு முத்திரை வைத்துத் தந்தார். இதையெல்லாம் விட முக்கியம், பெல்ட் அறுந்தால் அம்மா ஒரு போன் போட்டால் போதும், தெரிந்த மெக்கானிக் வீட்டுக்கே வந்துவிடுவார். நாங்கள் மூவரும் வெளியூரில் இருக்கும்போது, ஆன்லைனில் மிச்சமாகும் சில நூறு ரூபாயைவிட இது பெரிது. பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உள்ள பெருநகரம் என்றால் ஆன்லைனிலேயே வாங்கலாம். பெட்டி வந்ததும் கல்லில் விரிசல் இருக்கிறதா என்று வீடியோ எடுத்தபடி பிரித்துப் பாருங்கள்.

வாங்கி வந்த அன்றே பலகாரத்துக்கு உளுந்து போட்டுவிடாதீர்கள். புதுக்கல்லில் துகள் இருக்கும். ஊறவைத்த ரேஷன் அரிசியை ஒரு கை போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு, கல்லையும் டிரம்மையும் கழுவிய பிறகு முதல் மாவை அரையுங்கள்.