பழைய 1035 ட்ராக்டர் ஹீட் ஆகுதா? ரேடியேட்டரைக் கழுவுனா போதுமா, கோர் மாத்தணுமா, அலுமினியம் போடலாமா

சேத்துழவுக்குக் கேஜ் வீல் மாட்டி வயல்ல இறங்குன கொஞ்ச நேரத்துல முள்ளு சிவப்புக் கோட்டைத் தொடுதுன்னா ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. புது ரேடியேட்டர் போடும்பார் ஒருத்தர், தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறுனதும் ரேடியேட்டருக்குத் தண்ணி வழி விடுற வால்வு) கழட்டி வீசும்பார் இன்னொருத்தர், கார் ஃபேன் ஒண்ணு வாங்கி முன்னாடி மாட்டுன்னு பையன் சொல்லுவான். எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடுவோம். எடுத்துக்கிற வண்டி சிம்சன் இன்ஜின் போட்ட பழைய மேஸி 1035, பெர்கின்ஸ் டிசைன்ல வந்த 3 சிலிண்டர் டீசல், டெல்டா பக்கம் இன்னும் உழைச்சுக்கிட்டிருக்கு. வேற பழைய வண்டி வச்சிருந்தாலும் பெரும்பாலும் இதேதான் பொருந்தும், பழைய ஐஷர் ஏர்கூல்டு மட்டும் விதிவிலக்கு, அதுல தண்ணியே கிடையாது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பழைய ட்ராக்டருக்குப் புதுசா எதையாவது சேக்கிறதை விட, கம்பெனி குடுத்த சாமானைக் குடுத்த மாதிரி திரும்பக் கொண்டு வர்றதுதான் சிக்கனம், அதுதான் நிலைக்கவும் செய்யும். அந்த ரேடியேட்டரும் ஃபேனும் புதுசுல இதே வயல்ல இதே வேலையைச் சூடாகாமத்தான செஞ்சுது? அப்ப நடுவுல எங்கயோ எதுவோ கெட்டிருக்கு, அதைக் கண்டுபிடிக்காம மேல மேல மாட்டிக்கிட்டே போனா காசுதான் போகும்.

கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. சும்மா நிக்கும்போது நல்லா இருந்து லோடுல மட்டும் ஏறுச்சுன்னா ரேடியேட்டர்ல தண்ணி ஓடுற டியூப் அடைச்சிருக்கும், இல்ல டியூப்போட ஒட்டியிருக்கிற மெல்லிசு தகடான ஃபின்ல வைக்கோல் தூசி அப்பியிருக்கும். ஸ்டார்ட் பண்ணுன கொஞ்ச நேரத்துலயே மேல் ஹோஸ் ஜில்லுன்னு இருக்க முள்ளு மட்டும் ஏறுச்சுன்னா தெர்மோஸ்டாட் திறக்கல. வெளிய ஒழுக்கே தெரியாம தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருந்து, ரேடியேட்டர் வாயில விடாம குமிழி வந்துச்சுன்னா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்க, டிப் ஸ்டிக்குல ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துல இருந்தா சந்தேகமே வேண்டாம், அந்த நிலைமைல ரேடியேட்டருக்குச் செலவு பண்ணாதீங்க. இன்னொண்ணு, தண்ணி முழுசா வத்திப் போனா சென்சார் தண்ணில முங்காது, முள்ளு கீழதான் காட்டும். அதனால முள்ளு திடீர்னு இறங்குச்சுன்னா நிம்மதியாகாம வண்டியை நிறுத்திப் பாருங்க. நிறுத்தினாலும் சூட்டோட மூடியைத் திறக்கக் கூடாது, வெந்த இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தவும் கூடாது, ஹெட்டு விரிசல் விட்டுப்போகும்.

இனி ஒப்பீடு. வீட்டுலயே கழுவுறதா, கடைல குடுத்து ராடு போடுறதா?

வீட்டு வழிக்கு எலுமிச்சை உப்புதான் நல்லது, கடைல சிட்ரிக் ஆசிட்னு கேட்டாலும் குடுப்பாங்க. 10 லிட்டர் தண்ணிக்குக் கால் கிலோ போட்டு இன்ஜினை நல்லா சூடேத்தி ஓட்டி, ஆறுனதும் வடிச்சுட்டு, சோடா உப்புத் தண்ணி ஒரு தடவை, வெறும் தண்ணி ரெண்டு தடவை விட்டு அலசணும். உள்ள ஆயில் பிசுக்கு இருந்தா எலுமிச்சை உப்பு படிவைத் தொடவே தொடாது, முதல்ல சலவை சோடா போட்டுப் பிசுக்கை எடுத்துட்டுத்தான் இதைச் செய்யணும். பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்துறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், அது உப்புப் படிவோட சேத்துப் பித்தளையையும் ஈயப்பத்தையும் தின்னுடும். அப்புறம் இன்ஜின் பிளாக்கைப் பலரும் மறந்துடறாங்க, அதுல இருக்கிற வடிகுழாயையும் திறந்து கம்பி விட்டுக் குத்திவிடுங்க, துருவும் சேறும் அங்கதான் தங்கும், ரேடியேட்டரை மட்டும் பளபளன்னு ஆக்கி மாட்டுனா அந்தச் சேறு பழையபடி வந்து அடைச்சுக்கும்.

ராடு போடுறதுன்னா மேல் டேங்க்கை உருக்கிக் கழட்டி ஒவ்வொரு டியூப்புலயும் தட்டைக் கம்பி விட்டு இழுக்கிறது. செலவு கூட, ஆனா ஒரேயடியா அடைச்ச டியூப்புக்கு அது ஒண்ணுதான் வழி, ஏன்னா ஓட்டமே இல்லாத டியூப்புக்குள்ள எந்த உப்புத் தண்ணியும் போகாது. எது தேவைன்னு வீட்டுலயே தெரிஞ்சுக்கலாம். வண்டியைச் சூடாக்கி ஆஃப் பண்ணிட்டு கோர் (டியூப்பும் ஃபின்னும் சேந்த நடுப்பாகம்) மேல கையைக் கிட்ட கொண்டு போய்த் தடவிப் பாருங்க, நடுவுல அங்கங்க சூடே இல்லாம இருந்தா அந்த டியூப்லாம் செத்துப்போச்சு. இல்லன்னா ரேடியேட்டரைக் கழட்டிக் கீழ் வாயை அடைச்சுத் தண்ணி ரொப்பித் திறந்து விடுங்க, குபுக்குன்னு ஒரே மூச்சுல கொட்டணும், நின்னு நிதானமா வந்தா ராடுதான்.

அடுத்தது கோர் மாத்துறதா, ரெடிமேட் அலுமினியமா. இதுலதான் சண்டை அதிகம், நானும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

செம்பு அலுமினியத்தை விட ஒண்ணரை மடங்குக்கும் மேல சூட்டைக் கடத்தும், அதனால காப்பர்தான் பெஸ்ட்னு சொல்றவங்க பாதிதான் சொல்றாங்க. பழைய ரேடியேட்டர்ல ஃபின்தான் செம்பு, தண்ணி ஓடுற டியூப் பித்தளை, ரெண்டையும் ஒட்டுறது ஈயப்பத்து, பித்தளையும் ஈயப்பத்தும் செம்பு அளவுக்குக் கடத்தாது. அலுமினியத்துல டியூப் அகலமா இருக்கும், ஃபின்னோட ஒரே உலோகமா ஒட்டியிருக்கும், எடையும் குறைவு. ஆகமொத்தம் நல்லா செஞ்ச அலுமினியம் குளிர்ச்சில காப்பருக்குக் குறைஞ்சது இல்ல, கார் கம்பெனிகளெல்லாம் அந்தப் பக்கம் போனது சும்மா இல்ல.

ஆனா நம்ம வண்டிக்கு நான் காப்பர் கோர்தான் சொல்லுவேன், காரணம் குளிர்ச்சி இல்ல, ரிப்பேர். நடவு சீசன்ல ஒரு டியூப் ஒழுகுச்சுன்னா பக்கத்து டவுன்ல ஈயம் பத்தவைக்கிற ஆள் அன்னிக்கே சரிபண்ணிக் குடுத்துடுவார். அலுமினியம் ஓட்டையானா சாதாரணமா பத்தவைக்க முடியாது, அதுக்குத் தனி வெல்டிங், தனி கை வேணும், மேல் டேங்க் பிளாஸ்டிக்னா வெடிச்சதுக்கப்புறம் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ரேடியேட்டர் கடைல காஸ்டிக் சோடா தொட்டில வேகவச்சுச் சுத்தம் பண்ணுற வழக்கம் உண்டு, காப்பர் அதைத் தாங்கும், அலுமினியத்தை அதுல போட்டா பொங்கிக் கரைஞ்சுடும், கடைக்காரருக்கு இது தெரியுமான்னு பாத்துட்டுக் குடுங்க. எல்லாத்துக்கும் மேல கோர் மட்டும் மாத்துனா நம்ம பழைய டேங்க், பழைய பிராக்கெட், பழைய ஹோஸ் வாய் எல்லாம் அப்படியே நிக்கும், ரெடிமேட்ல ஒரு போல்ட் ஓட்டை தள்ளியிருந்தா இழுத்துப் பிடிச்சு மாட்டணும், அந்த இழுப்புல ட்ராக்டர் அதிர்ற அதிர்வுக்கு சீக்கிரமே விரிசல் வரும். பழைய கோரைச் செம்பு விலைக்கு எடைல எடுத்துக்குவாங்க, அதையும் கழிச்சுத்தான் விலையை ஒப்பிடணும். உங்க ஊர்ப் பக்கம் காப்பர் வேலை பண்ணுற ஆளே இல்ல, இல்ல பழைய டேங்க் மக்கிப் போயிடுச்சுன்னா அளவு குடுத்துச் செஞ்ச முழு அலுமினியம் போட்டுக்கலாம், தப்பில்ல.

கோர் செய்யச் சொல்லும்போது டியூப் 4 வரிசை போடுங்க, ஃபின் நெருக்கமா வைங்கன்னு கேக்கத் தோணும். வேண்டாம். நெருக்கமான ஃபின்ல வைக்கோல் துகள் சிக்குனா காத்தே போகாது, நெல் அடிக்கிற வண்டிக்கு இடைவெளி விட்ட ஃபின்தான் சரி. வரிசையைக் கூட்டுனா கோர் தடிமனாகி ஃபேன் இழுக்கிற காத்தும் குறையும்.

சின்ன ஒழுக்குக்கு மஞ்சத்தூள் போடுறது, பாட்டில்ல வர்ற லீக் ஸ்டாப் ஊத்துறதுலாம் வயல்லருந்து வீடு வந்து சேர்றதுக்கு மட்டும். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, மெல்லிசா இருக்கிற நல்ல டியூப்பையும் சேத்து அடைக்கும். வீட்டுக்கு வந்ததும் வடிச்சுட்டுப் பத்தவைங்க.

தெர்மோஸ்டாட் வச்சிருக்கிறதா, கழட்டுறதா? வச்சிருங்க. இது நம்ம வெயிலுக்குத் தேவையில்லன்னு சொல்றது ரொம்ப காலமா ஓடுற பேச்சு. டீசல் இன்ஜின் 80 டிகிரிக்கு மேல ஓடத்தான் பிறந்தது, குளிர்ந்தே ஓடுனா டீசல் முழுசா எரியாது, ஆயில்ல கசடு சேரும், ஸ்லீவும் ரிங்கும் சீக்கிரம் தேயும், டீசலும் கூடக் குடிக்கும். சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடும், அதைக் கழட்டுனா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம உள்ளயே சுத்தி வந்து இன்னும் சூடு ஏறும். பழசு வேலை செய்யுதான்னு பாக்க ஒரு பாத்திரத் தண்ணில நூல் கட்டித் தொங்கவிட்டு சூடு பண்ணுங்க, 82 டிகிரி வால்வுன்னா அந்தக் கிட்ட வரும்போது திறக்க ஆரம்பிக்கணும், ஆறுனா மூடணும். இல்லன்னா புதுசு வாங்குங்க, இந்த மொத்த வேலைலயே விலை கம்மியான சாமான்ல இதுவும் ஒண்ணு.

பெல்ட் ஃபேனா, கரண்ட் ஃபேனா? கார் ஓடுற வேகத்துக்குக் காத்து தானா உள்ள வரும், ஃபேன் சும்மா துணைக்குத்தான். ட்ராக்டர் சேத்துல 3, 4 கிலோமீட்டர் வேகத்துல ஊருது, மொத்தக் காத்தையும் ஃபேன்தான் இழுக்கணும். 12 வோல்ட்டுல 10 ஆம்பியர் எடுக்கிற கார் ஃபேனோட பலம் 120 வாட், 1 ஹெச்பின்னா 746 வாட், பெல்ட் ஃபேன் எடுத்துக்கிற சக்திக்குப் பக்கத்துல கூட அது வராது. பழைய டைனமோ வண்டின்னா பேட்டரியும் இறங்கிப்போகும். அந்தக் காசுல முதல்ல ஃபேனைச் சுத்தி இருக்கிற கூண்டு இருக்கான்னு பாருங்க. எப்பவோ ரிப்பேருக்குக் கழட்டித் தொழுவத்துல போட்டு வச்சிருப்பாங்க, அது இல்லன்னா ஃபேன் கோரோட நடுவட்டத்துல மட்டும்தான் காத்து இழுக்கும், நாலு மூலையும் வீண். கூண்டை மாட்டி, பெல்ட்டைக் கட்டை விரலால நடுவுல அமுக்குனா அரை இஞ்சு போல இறங்குற அளவுக்கு டைட் வச்சு, ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்காங்களான்னும் பாருங்க. திருப்பி மாட்டுனாலும் காத்து அதே திசைலதான் போகும், ஆனா அளவு குறைஞ்சுடும், அதனால யாருக்கும் சட்டுன்னு கண்ணுல படாது.

தண்ணியா, கூலண்ட்டா? சூடு சுமக்கிறதுல தண்ணியை மிஞ்ச ஆளில்ல, பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தா சுமக்கிற அளவு கொஞ்சம் குறையத்தான் செய்யும். அப்புறம் எதுக்குக் கூலண்ட்? துருவுக்கு. வார்ப்பிரும்பு பிளாக்கு, பித்தளை டியூப், ஈயம்னு உள்ள பல உலோகம் இருக்கு, வெறும் தண்ணி அதை அரிச்சுக்கிட்டே இருக்கும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு போர்த்தண்ணின்னா கேக்கவே வேண்டாம். வெந்நீர் அண்டாவுல வெள்ளையா படியுமே, அதேதான் சிலிண்டரைச் சுத்தியும் படியுது, அந்தப் படிவு மெல்லிசா இருந்தாலே இரும்புலருந்து தண்ணிக்குச் சூடு சரியா இறங்காது. கூலண்ட் கலந்தா கொதிநிலையும் கொஞ்சம் ஏறும், பாதிக்குப் பாதில 107 டிகிரி கிட்ட. நம்ம ஊர்ல உறைபனி பயம் இல்லாததால மூணுல ஒரு பங்கு கூலண்ட் போதும், ஊட்டில ஓடுற வண்டின்னா பாதி போடலாம். கலக்கிற தண்ணி மழைத்தண்ணி, ஆர்ஓ தண்ணி, பேட்டரி தண்ணி எதுவானாலும் சரி, போர்த்தண்ணி மட்டும் வேண்டாம். கலரை நம்பி வாங்காதீங்க, டப்பால ட்ராக்டருக்கும் காப்பர் ரேடியேட்டருக்கும் ஆகும்னு எழுதியிருக்கான்னு பாருங்க, சாதாரணப் பச்சைன்னா 2 வருஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க. வடிச்ச கூலண்ட்டை வாசல்ல கொட்டவே கொட்டாதீங்க, அது இனிக்கும், விஷம், கன்னுக்குட்டியும் நாயும் நக்குனா செத்துப்போகும்.

ரேடியேட்டர் மூடி விஷயம் சின்னது. 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) மூடி நல்லா அழுத்தம் பிடிச்சா வெறும் தண்ணியே 111 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ரப்பர் செத்த மூடின்னா 100லயே பொங்கும். அதனால புது மூடி போடுங்க, ஆனா பழைய அளவே போடுங்க, கார் மூடி 13 பிஎஸ்ஐ கிடைக்குதுன்னு மாட்டுனா பழைய ஈயப்பத்து பிரிஞ்சு ஒழுகும்.

வாட்டர் பம்ப்ல அடில இருக்கிற சின்ன ஓட்டைல சொட்டுச்சுன்னா சீல் போச்சு. கிட் வாங்குறது சிக்கனம்தான், ஆனா ஷாஃப்ட்டும் இம்பெல்லரும் பிரஸ்ல ஏத்தணும், சுத்தியல்ல அடிச்சு ஏத்துன பேரிங் சீசன் தாங்காது. லேத்து பக்கத்துல இருந்தா கிட், இல்லன்னா முழு பம்பு.

கடைசியா கிரில். நெல்லு அடிக்கும்போது தூசி வராம இருக்க முன்னாடி கொசுவலை கட்டுறாங்க, அது கால் மணி நேரத்துல அப்பிக்கிட்டு காத்தை மொத்தமா நிறுத்திடும். கொஞ்சம் பெரிய கண்ணு வச்ச இரும்பு சல்லடை, கையால உருவி எடுக்கிற மாதிரி சட்டத்துல போட்டு வச்சா தட்டித் தட்டி மாட்டிக்கலாம். உள்ள புகுந்த தூசியை ஃபேன் பக்கத்துலருந்து முன்பக்கமா காத்தடிச்சுத் தள்ளுங்க, முன்னாடியிருந்து தண்ணியைப் பீய்ச்சுனா தூசி ஃபின்னுக்குள்ள இன்னும் ஆழமாப் போய் சேறா இறுகிடும்.