தண்டையார்பேட்டையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஜூலியோடு

ஒரே லீவில் ஊருக்குப் போய் நாயைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனி திரும்ப முடியாது. இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் ரேபிஸ் எதிர்ப்புச் சக்திக்கான ரத்தப் பரிசோதனை கேட்கிறது. முதலில் மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள எண் சில்லு), அப்புறம் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி செல்லாது. அதனால் போன லீவிலேயே அம்மா வீட்டு ஜூலிக்கு இதையெல்லாம் ஆரம்பித்துவிட்டு, இந்த முறை கூட்டி வந்தோம்.

எல்லாம் நடந்தது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். 1903இல் தொடங்கிய கல்லூரி. ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் ராட்வீலர், அதற்குப் பக்கத்தில் காசிமேட்டிலிருந்து ஒருவர் தூக்கி வந்த ஆடு. ஜூலி தெருவில் பிறந்த நாய். ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. பயிற்சி மாணவி ஒருவர் சிப்பின் 15 இலக்க எண்ணை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு தாளிலும் ஒப்பிட்டுப் பார்த்தார். ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் போனது ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு. எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் வந்தால்தான் தேர்ச்சி, ஜூலி தேறிவிட்டாள். பயணத்துக்கு மயக்க மருந்து கேட்டபோது டாக்டர் கண்டிப்பாக மறுத்தார். வானத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறினால் பார்க்க ஆள் இருக்காது என்றார். கூண்டை இப்போதே வீட்டில் திறந்து வையுங்கள், சோறு அதற்குள்ளேயே வையுங்கள் என்றும் சொன்னார். அம்மா அதைத் தவறாமல் செய்தார். கடைசியில் ஜூலி தானாகவே போய் அதில் படுத்தாள். எனக்கு இதைவிடப் பெரிய உதவி வேறெதுவும் கிடைக்கவில்லை.

விமான நிறுவனத்தின் அழைப்பு மையம் நேர் எதிர். கூண்டின் அளவை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. டிக்கெட் போடும் முன் நாய்க்கான இடத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து பள்ளிக்கரணை. நாயை வெளிநாடு கொண்டு போகச் சான்று தரும் மத்திய அரசின் நிலையம் அங்கேதான். ஐரோப்பிய சுகாதாரச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் எல்லையைத் தொட வேண்டும், ஆகவே கடைசி வாரத்தில்தான் போக முடியும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ இருக்கிறது, ஆனால் நாயை ஏற்ற விடமாட்டார்கள். டாக்சிக்காரர்கள் நாய் என்றதும் ரத்து செய்தார்கள். தெருமுனையில் ‘குட்டி யானை’ சரக்கு வண்டி ஓட்டும் அண்ணன்தான் பள்ளிக்கரணைக்கும் வந்தார், விமான நிலையத்துக்கும் வந்தார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கூண்டு ஆடாமல் இருக்க கயிறு கட்டி, பழைய போர்வையைச் சுற்றிலும் திணித்தார். காத்திருந்ததற்குத் தனியாகப் பணமும் கேட்கவில்லை.

பிராங்க்பர்ட்டில் சிப்பைப் படித்தார்கள், தாள்களைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். நேரடி விமானம் எடுத்ததால் நடுவில் கூண்டு மாறவில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இருக்கிறது, விடாதீர்கள். இனி ரேபிஸ் ஊசியைக் கெடு தவறாமல் போட்டு வந்தால் அந்த ரத்தப் பரிசோதனை முடிவு ஜூலியின் ஆயுளுக்கும் செல்லும். ஒரு முறை கெடு தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. அடுத்த ஊசித் தேதியை அம்மா தன் தினசரி காலண்டரிலும் எழுதி வைத்திருக்கிறார்.