மேல்மலையில் ‘நேச்சர் ஸ்டே’: 16,000 ரூபாய்க்கு ஒரு பூண்டுக் கொட்டகை

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் காட்டுக்குள் மரவீடு வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். போன டிசம்பர் கடைசியில் நான், மனைவி, ஆறு வயது மகள், மாமனார் நாலு பேரும் போய் ஏமாந்து வந்தோம். போனது பணம் மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

இன்ஸ்டாகிராமில்தான் பார்த்தேன். முக்கோண வடிவில் ஒரு மரவீடு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே மூடுபனி, உள்ளே மஞ்சள் விளக்கு. ‘மேல்மலையில், சோலைக்காட்டுக்கு நடுவில், நெட்வொர்க் இல்லாத நிம்மதி’ என்று போட்டிருந்தார்கள். இரவுக்கு 6,500 ரூபாய். வாட்ஸ்அப்பில் கேட்டதும் பதில் வந்தது. பேசியவர் வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டார். இரண்டு இரவுக்கு 13,000, பாதி முன்பணம். சரி என்று அனுப்பிவிட்டு லொகேஷன் கேட்டேன். “மீதிப் பணம் வந்ததும் அனுப்பிடறோம் சார். பிரைவசிக்காக யாருக்கும் முன்னாடி கொடுக்கறதில்ல” என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கரூரிலிருந்து கிளம்பி, வத்தலக்குண்டில் டீ குடிக்க நின்றபோது மீதி 6,500-ஐயும் ஜிபேயில் தட்டிவிட்டேன். க்யூஆர் கோடில் வந்த பெயர் வேறு யாரோ ஒருவருடையது. அது கண்ணில் பட்டது. பட்டும் அனுப்பினேன்.

நான் நம்பியதற்கு இ-பாஸும் ஒரு காரணம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். இலவசம்தான், நாமே ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆள் “இ-பாஸ் நாங்களே போட்டுத் தரோம் சார்” என்று சொன்னதும், ஏதோ அரசாங்க அனுமதி உள்ள இடம் என்று என் மனசு தானாக முடிவு செய்துகொண்டது. மலைக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்று பார்க்கத்தான் அந்தப் பாஸ். தங்கப்போகும் இடத்துக்கு உரிமம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது.

வந்த லொகேஷன் வீடும் இல்லை, காடும் இல்லை. பூம்பாறை தாண்டி, மன்னவனூர் போகிற சாலையில் ஒரு டீக்கடை. அங்கே ஒரு ஜீப் நின்றது. “இதுக்கு மேல கார் போகாது. போக 1,500, வர 1,500” என்றார் ஓட்டுநர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பாதைக்கு அது நியாயமான கூலிதான். நாலு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு குழியிலும் மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பணம் வாங்கும்போது இதைச் சொல்லியிருந்தால் அவரை அழைத்தே வந்திருக்க மாட்டேன்.

இறங்கிப் பார்த்தால் கண்ணாடியைக் காணோம், முக்கோணத்தையும் காணோம். தகரக் கொட்டகை. உள்பக்கம் மூங்கில் பாய் அடித்து, இரண்டு கட்டில் போட்டு, வாசலில் மரப்பலகையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். மாமனார் உள்ளே போய் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, “மாப்ள, இது பூண்டு காயப்போடற கொட்டகைங்க” என்றார். மேலே பார்த்தால் குறுக்குக் கம்புகளில் பழைய கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வாசனை எவ்வளவு ஆழமாகச் சுவரில் இறங்கும் என்பதை அங்கே ஒரு ராத்திரி படுத்தால்தான் தெரியும்.

வசதி இல்லை என்பது என் புகார் இல்லை. நான் ஓலை வீட்டில் வளர்ந்தவன். கொட்டகை என்று சொல்லிக் கொட்டகைக்கு உண்டான வாடகை கேட்டிருந்தால் சந்தோஷமாகவே படுத்திருப்பேன். ஆனால் அங்கே வேலை பார்த்த பையனிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். கரண்ட் இல்லையா? “இது நேச்சர் ஸ்டே சார்.” கழிப்பறை ஏன் நாற்பதடி தள்ளி? “நேச்சர் ஸ்டே சார்.” கம்பளி ஏன் ஈரமாக இருக்கிறது? அதற்கும் அதுவேதான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பாவம். வந்ததும் அவன் செய்த முதல் வேலை, என் மகளை வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தது. சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ஞாபகத்துக்கு என்று நினைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கம் உறைபனி விழும். ஏழு மணிக்கெல்லாம் தகர இடுக்கு வழியாகக் குளிர் கத்தியாகக் குத்தியது. சோலார் விளக்கு ஒரு மணி நேரத்தில் மங்கிவிட்டது. கழிப்பறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு காட்டுமாடு வந்து நின்றுகொண்டு நகரவே இல்லை. டார்ச் அடித்தால் கண் மட்டும் தெரிந்தது. மனைவி கதவைத் தாழ்போட்டுவிட்டாள். குழந்தை நடுங்குகிறாள் என்று கதவுக்குள்ளிருந்தே கத்தினேன். பையன் காட்டுமாட்டைச் சுற்றி வந்து, ஓர் இரும்புச் சட்டியில் கனிந்த கரியைக் கொண்டுவந்து கட்டில் பக்கம் வைத்தான். “கதவ நல்லா சாத்திக்கோங்க சார், ராத்திரி பூரா சூடு இருக்கும்” என்றான். அந்த ஒரு விஷயத்துக்காக அவனை மனசுக்குள் வாழ்த்தினேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

பத்தரை மணி இருக்கும். மாமனார் தலை வலிக்கிறது என்றார். மலை ஏறிய களைப்பு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் நெற்றி தெறித்தது. மகளை எழுப்பினால் குமட்டுகிறது என்றாள். மாமனார்தான் எழுந்து உட்கார்ந்து, “அந்தச் சட்டிய வெளிய வைங்க மாப்ள, கதவத் திறங்க” என்றார். காட்டுமாடு நின்றாலும் பரவாயில்லை என்று கதவைத் திறந்து, துணியால் பிடித்துச் சட்டியை வெளியே வைத்தேன். அப்புறம் விடியும்வரை கதவு அரைவாசி திறந்தேதான் கிடந்தது. நாலு பேரும் ஒரே கட்டிலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். தூங்குகிறவருக்குத் தான் மயங்குவதே தெரியாது. கரி கனிந்துவிட்டால் புகை தெரியாது, ஆனால் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். இப்படி அறைக்குள் கரி வைத்துத் தூங்கிச் செத்துப்போனவர்கள் கொடைக்கானலிலேயே உண்டு. ஊருக்குத் திரும்பி இதையெல்லாம் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கே தங்கினாலும் சரி, கரிக் கணப்பை அறைக்குள் விடாதீர்கள். குளிருக்குக் கூடுதல் கம்பளி கேளுங்கள், இல்லையென்றால் ராத்திரியே கிளம்பிவிடுங்கள். நாங்கள் கிளம்ப முடியாததற்குக் காரணம் அந்த 1,500 ரூபாய் ஜீப். சிக்னல் இல்லாததால் அதைக் கூப்பிடவும் வழியில்லை. விளம்பரத்தில் சொன்ன நெட்வொர்க் இல்லாத நிம்மதி அதுதான்.

காலையில் நிலத்துக்காரர் வந்தார். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி. இரவுக்கு 800 ரூபாய் என்று பேசிக் கொட்டகையைக் கொடுத்திருக்கிறார். நாங்கள் கொடுத்ததைச் சொன்னதும் “ஆறாயிரத்து ஐநூறா?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் அந்த ஆளின் நம்பரை என்னிடமே கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் இருந்தது வேறு நம்பராம்.

இரண்டாவது இரவுக்கு நாங்கள் நிற்கவில்லை. வருகிற வழியில் மன்னவனூர் ஏரியில் மகளைப் பரிசலில் ஏற்றிவிட்டேன். பயணத்தில் அவளுக்கு நினைவிருப்பது அதுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பணத்தைக் கேட்டதற்கு முதலில் “கிளைமேட் எங்க கையில இல்ல சார்” என்று பதில் வந்தது. பிறகு 2,000 தருகிறேன், எங்கேயும் எழுதாதீர்கள் என்றார். மறுத்ததும் பிளாக். அந்தக் கண்ணாடி வீட்டுப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டேன். வேறு ஏதோ நாட்டுத் தளங்களில் எல்லாம் அதே வீடு இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. பணம் அனுப்பும் முன் செய்திருக்கலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார் தெரிந்த வக்கீல். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. எல்லாம் சரி, எதிர்மனுதாரர் முகவரி என்ன என்று கேட்டார். என்னிடம் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கமும், பிளாக் ஆன நம்பரும், யாருடையதோ ஆன க்யூஆர் கோடும் இருக்கின்றன. ஆகையால் முன்பணத்துக்கு முன்னாலேயே முகவரியோடு ரசீது கேளுங்கள், சுற்றுலாத் துறைப் பதிவு எண் கேளுங்கள், லொகேஷனை வாங்கி வண்டி எதுவரை போகும் என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

போன வாரம் மனைவி வேறொரு பக்கத்தின் விளம்பரத்தைக் காட்டினாள். புதுப் பெயர், இரவுக்கு 7,500. ‘குடும்பத்தோடு கொண்டாட’ என்ற எழுத்துக்குக் கீழே, சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு குழந்தை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள். அது என் மகள்.